கால்வட்டக் கருவியில் துருவ நட்சத்திரம் ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது

முத்தியால்பேட்டை:
தொலைநோக்கி இல்லாமல், 16ஆம் நூற்றாண்டு டென்மார்க் வானியலாளர் டைகோ பிராகே பாணியில் நட்சத்திர வரைபடம் போடும் முயற்சி. 30 செ.மீ. ஆரமுள்ள பிளைவுட் கால்வட்டம் (உயரக் கோணம் அளக்கும் கால்வட்டத் தகடு), மூலையில் நூல் கட்டித் தொங்கவிட்ட நட்டு, நேர் விளிம்பில் பார்ப்பதற்கு 5 மி.மீ. வளையங்கள் இரண்டு. புதுச்சேரி அட்சரேகை 11°56′ (60′ ஒரு டிகிரி); துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணமும் ஏறத்தாழ அதுவே வர வேண்டும். துருவ நட்சத்திரமோ 13½° காட்டுகிறது. அடுத்தடுத்து எடுத்தால் அரை டிகிரி முன்னே பின்னே போகிறது. ஆரத்தைக் கூட்டினால் சரியாகுமா?

தேவனாம்பட்டினம்:
ஆரம் அப்புறம். இங்கே இரண்டு கோளாறு கலந்திருக்கிறது சார். மாறாமல் வரும் ஒன்றரை டிகிரி, பார்வைக் கோடு விளிம்புக்கு இணையாக இல்லாததால் இருக்கும். பகலில் பீச்சுக்குக் கொண்டுபோய்க் கடலின் அடிவானத்தைப் பாருங்கள். கண் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 3½′ தாழ்ந்திருக்கும். இந்தக் கருவிக்கு அது பூஜ்யம் மாதிரிதான். அங்கேயும் 1½° காட்டினால் எல்லா அளவிலும் கழித்துவிடுங்கள். மலை ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது!

துருவ நட்சத்திரமும் வானத்தின் வடதுருவப் புள்ளியிலிருந்து சுமார் 38′ தள்ளியே இருக்கிறது. நேரத்தைப் பொறுத்து 11°18′ முதல் 12°34′ வரை எது வந்தாலும் சரி.

அரை டிகிரி ஆட்டத்துக்கு வளையம்தான் காரணம். 30 செ.மீ. தூரத்தில் 5 மி.மீ. ஓட்டை என்றால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி இடம். டைகோ செய்தபடி முன்னால் சிறு சதுரத் தகடு வையுங்கள். கண்ணருகே உள்ள தகட்டில், அந்தச் சதுரத்தின் உயரத்துக்குச் சமமான இடைவெளியில், மேலும் கீழுமாக இரண்டு கிடைப் பிளவுகள். இரண்டு வழியாகவும் நட்சத்திரம் சதுரத்தின் விளிம்பை ஒட்டி ஒரே வெளிச்சத்தில் தெரிந்தால் குறி சரி.

லாஸ்பேட்டை:
நட்டை எடுத்துவிட்டுக் கொத்தனார் தூக்குக்குண்டு கட்டுங்கள், குண்டு தண்ணீர் வாளிக்குள் முழுகட்டும். கடற்காற்றில் வேறு வழியில்லை. கருவி ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

புதிதாகச் செய்தால் ஆரம் 57.3 செ.மீ.: வளைவில் 1 செ.மீ. ஒரு டிகிரி, 1 மி.மீ. 6′. நூல் துளை வளைவின் மையத்தில் இல்லாவிட்டால் பிழை கோணத்துக்குக் கோணம் மாறும். அதைக் கழித்துத் தீர்க்க முடியாது.

சோதனைக்கு அகத்தியர் நட்சத்திரம் (Canopus). பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பு நேர் தெற்கே உச்சத்தில் 25°22′ வர வேண்டும்.

முத்தியால்பேட்டை:
சரி, இதிலிருந்து வரைபடத்துக்கு?

லாஸ்பேட்டை:
நேர் தெற்கே வரும்போது உயரக் கோணத்தோடு அட்சரேகையைக் கூட்டி 90 கழித்தால் டெக்ளினேஷன், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து நட்சத்திரம் வடக்கே அல்லது தெற்கே தள்ளியிருக்கும் கோணம் (கழித்தல் குறி வந்தால் தெற்கு). இன்னொரு அளவு, தெற்கைக் கடக்கும் நேரம். ஒரு நிமிடம் தப்பினால் 15′ போச்சு. டைகோவுக்குக் கடிகாரம் காலை வாரியதால் நட்சத்திரங்களுக்கு இடையிலான கோணத்தை செக்ஸ்டன்ட்டில் (வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு வளைவுள்ள கோணமானி) அளந்தார். உங்களுக்கு மொபைல் நேரமே போதும்.