கொலுப் பெட்டியில் வெள்ளைக் குட்டிப் பூச்சிகள்: அவசர உதவி தேவை

படிக்கட்டு_வித்யா:
பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கித் திறந்தேன். பொம்மை சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததும் வெள்ளையாகக் குட்டிக் குட்டிப் பூச்சிகள் நாலாபக்கமும் ஓடுகின்றன. இது என்ன பூச்சி? ஸ்பிரே அடிக்கலாமா? நாளை மறுநாள் படி கட்ட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கொளத்தூர்வாசி:
எவ்வளவு பெரியது? இறக்கை உண்டா? பொம்மை மண்ணா, காகிதக் கூழா? பரண் எந்த அறையில்? போட்டோ இருந்தால் போடுங்கள்.

நிலைவாசல்:
வெள்ளை, கூட்டம், காகிதம். கரையான்தான், சந்தேகமே வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் பரணில் தொடங்கிக் கதவு நிலை வரை போய்விட்டது. உடனே ஆள் வைத்து மருந்து அடியுங்கள்.

ஓலைச்சுவடி:
மண் தடம் இருக்கிறதா, மரம் அரித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமலே தீர்ப்பு. நல்லது. நவராத்திரிக்கு முந்தின வாரம் ஆண்டுதோறும் இங்கே இதே கேள்வி வருகிறது. மேலே தேடும் வசதி ஒன்று இருக்கிறது, அதைத் தொட யாருக்கும் நேரமில்லை. சரி, மறுபடி சொல்கிறேன்.

ராமபாணப் பூச்சியின் (சில்வர்ஃபிஷ்) குஞ்சுகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்குப் புழுப் பருவம், கூட்டுப்புழு எல்லாம் கிடையாது. முட்டையிலிருந்து வரும்போதே பெரிய பூச்சியின் உருவம்தான், நிறம் மட்டும் வெள்ளை. சில முறை தோலுரித்த பிறகுதான் செதில் வந்து வெள்ளிப் பளபளப்பு ஏறும். ஒன்றைத் தாளில் ஏந்தி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நூல் போல மூன்று வால்கள், முன்னால் நீளமான இரண்டு உணர்கொம்புகள், தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் ஒடுங்கிய உடம்பு என்றால் அதுவேதான். வாலே இல்லாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் மெத்தென்று இருந்தால் புத்தகப் பேன். அது பூஞ்சையைத் தின்பது.

மாடிவீட்டு_மாலதி:
எதுவானால் என்ன, பெட்டிக்கு நாலு அந்துருண்டை போடுங்கள். எங்கள் அம்மா காலத்திலிருந்து அதுதான்.

கொளத்தூர்வாசி:
மாலதி அக்கா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லலாமே. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், மஞ்சள் காமாலை வரும். அந்துருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றிய பச்சிளங்குழந்தைகளுக்கே வந்திருக்கிறது.

சுக்குமல்லி:
வசம்பு இருக்கும்போது உருண்டை எதற்கு? தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், லவங்கம், பட்டை, மிளகு இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாகச் சுவடிகளுக்கு இடையில் வைப்பார்கள்.

ஓலைச்சுவடி:
வைப்பார்கள். தூசி தட்டி, ஏட்டுக்கு எண்ணெய் பூசி, அடிக்கடி எடுத்துப் பார்க்கவும் செய்வார்கள். முடிச்சை மட்டும் போட்டுவிட்டு ஒரு வருடம் பரணில் அடைத்தால் வாசனை போய்விடும், பூச்சி இருக்கும்.

நிலைவாசல்:
செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை வாசனைக்கே எதுவும் வராது என்பார்கள். ஆகவே இது கரையான்.

மாடிவீட்டு_மாலதி:
யார் சொன்னது? செய்தித்தாளையே தின்னும். நான் பழைய வேட்டியில்தான் சுற்றுவேன்.

சுக்குமல்லி:
கஞ்சி போட்ட வேட்டியா? அதற்குச் செய்தித்தாளே மேல். கஞ்சி அதற்குச் சாப்பாடு அக்கா. என் சுங்குடிப் புடவை மடிப்பு ஓரமாகச் சுரண்டிப் போனது கஞ்சியால்தான்.

மாடிவீட்டு_மாலதி:
கஞ்சி போடாத வேட்டி என்று ஒன்று உண்டு தங்கச்சி. அலசிக் காயவைத்தது. கஞ்சி போட்டு யாராவது பரணில் வைப்பார்களா?

சுக்குமல்லி:
என் மாமியார் வைத்தார்.

(இதற்குப் பிறகு மாமியார் பற்றி வந்த பதில்கள் நீக்கப்பட்டன. பூச்சியைப் பேசுங்கள். – நெறியாளர்)

படிக்கட்டு_வித்யா:
மன்னிக்கவும், பள்ளிக்கூடத்திலிருந்து பையனைக் கூட்டிவரப் போயிருந்தேன். மூன்று வால் இருக்கிறது. பொம்மை எல்லாம் காகிதக் கூழ், பண்ருட்டி. பரண் குளியலறைக்கு மேலே, சுவர் கொஞ்சம் ஓதம்.

ஓலைச்சுவடி:
இதை முதல் வரியில் எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம். ஓதம்தான் காரணம். குஞ்சுகள் வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும், ஈரம்தான் அவற்றை வளர்க்கிறது. காகிதக் கூழ், பசை, செய்தித்தாள் எல்லாமே அதற்குத் தீனி.

ஸ்பிரே பொம்மை மேல் வேண்டாம், பெயிண்ட் கெடும். அடித்தாலும் இடுக்கில் இருக்கும் முட்டை தப்பிக்கும். பழைய தாள்களைக் கவரில் போட்டு இறுகக் கட்டி வெளியே எறியுங்கள். பொம்மைகளை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள், அடிப்பாகத்து ஓட்டையை விடாதீர்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும், ஃபேனுக்கடியில் வையுங்கள். பரணில் சுவரும் பலகையும் சேரும் விரிசலை வெள்ளை சிமென்ட்டால் அடையுங்கள். ஆனால் ஓதம் நிற்காமல் அடைத்தால் அடுத்த கொலுவுக்கு அதே கதை. முட்டை பொரிக்கச் சில வாரம், குளிர்ந்த இடத்தில் இரண்டு மாதம்கூட ஆகும். எனவே கொலு முடிந்து பொம்மையை உள்ளே வைக்கும்போது இன்னொரு முறை பாருங்கள்.

கொளத்தூர்வாசி:
பொறி ஒன்று: வழவழப்பான கண்ணாடி ஜாடி, வெளிப்பக்கம் முழுக்கக் காகித டேப், உள்ளே சிட்டிகை மைதா. டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழும், கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. இரவில் பரணில் வைத்துக் காலையில் பாருங்கள்.

நிலைவாசல்:
போரிக் பவுடர் தூவலாம். கேரம் போர்டு பவுடர் இருந்தால் அதுவே போதும்.

கொளத்தூர்வாசி:
எல்லாக் கேரம் பவுடரும் போரிக் அமிலம் இல்லை அண்ணா, சிலவற்றில் ஸ்டார்ச். அதைத் தூவினால் விருந்து வைத்த மாதிரி. போரிக் என்றாலும் சின்னப் பையன் இருக்கும் வீடு, கை எட்டாத விரிசலுக்குள் மட்டும்.

படிக்கட்டு_வித்யா:
ஜாடி வைத்தேன், காலையில் அடியில் ஏழெட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. பிளம்பர் வெள்ளிக்கிழமை வருகிறார். பட்டாபிஷேக செட்டில் அனுமன் வாலில் மட்டும் பெயிண்ட் போயிருக்கிறது, திருப்பி வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

நிலைவாசல்:
மரச்சட்டத்தையும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

புதுக்குடித்தனம்:
எங்கள் வீட்டு ஷோகேஸிலும் பூச்சி. என்ன செய்வது?

கொளத்தூர்வாசி:
எவ்வளவு பெரியது? வால் உண்டா?