ஸ்பாட்லைட் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

சித்தூர் மாணவி:
பாலக்காட்டில் இதழியல் படிக்கிறேன். வகுப்பில் ‘ஸ்பாட்லைட்’ (2015) பார்க்கச் சொன்னார்கள். சிறுவர்களிடம் அத்துமீறிய பாதிரியார்களைக் கத்தோலிக்கத் திருச்சபை மறைத்ததை அமெரிக்காவின் ‘பாஸ்டன் குளோப்’ பத்திரிகை நிருபர்கள் வெளிக்கொண்டுவந்த உண்மைக் கதை. துரத்தல் இல்லை, அடிதடி இல்லை. நாலு பேர் போன் பேசுகிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு?

கொழிஞ்சாம்பாறை பழைய நிருபர்:
அம்மணி, நான் இங்கிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன். அந்தப் படத்தில் எனக்கு மூச்சு முட்டிய இடம், பழைய கையேடுகளை வரிவரியாகப் பார்க்கிற காட்சிதான். எந்தப் பாதிரியார் எந்தப் பங்கில், அதாவது எந்தத் தேவாலயப் பகுதியில், இருக்கிறார் என்று பாஸ்டன் உயர்மறைமாவட்டமே (அந்த ஊர்த் திருச்சபை நிர்வாகம்) வருஷாவருஷம் அச்சடித்த புத்தகம். சிறுவர்களிடம் அத்துமீறியவர் பெயருக்கு நேரே ‘நோய் விடுப்பு’, ‘பணி ஒதுக்கப்படவில்லை’ என்று போட்டிருக்கும். அடுத்த புத்தகத்தில் வேறு பங்கு. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினால் 87 பெயர். ஏறக்குறைய 90 பேர் இருப்பார்கள் என்று ஓர் ஆய்வாளர் முன்பே போனில் சொல்லியிருப்பார். அத்தனையும் அச்சில் வந்து, அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்திருக்கிறது!

எங்கள் பக்கம் ஒரு விடுதி வார்டன் மேல் பையன்கள் புகார் சொன்னார்கள். சத்தமில்லாமல் அவரை வேலந்தாவளம் எல்லை தாண்டி தமிழ்நாட்டில் இன்னொரு விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் டெஸ்கில் “அது கேரளச் செய்திப்பா” என்றார்கள். மலையாளப் பத்திரிகை நண்பனோ “ஆளு இப்ப தமிழ்நாட்டுலதானே இருக்கான்?” என்றான். செக்போஸ்ட்டில் தக்காளி வண்டியைக்கூட மறித்து பில் கேட்பார்கள், இவரிடம் யார் கேட்பது?

படத்தில் பத்திரிகை ஆசிரியர் மார்ட்டி பாரன் இதைத்தான் பிடிக்கிறார். ஒரு பாதிரியாரைப் பற்றி எழுதினால் அவரோடு முடிந்துவிடும், மாற்றி மாற்றி அனுப்பியது யார் என்று எழுதுங்கள் என்கிறார். நிருபராக வரும் மார்க் ருஃபலோ கத்துகிற காட்சியைத்தான் எல்லோரும் யூடியூபில் போடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் ஓவர். மேலிடத்துக்கு எல்லாம் தெரியும் என்று காட்டும் கடிதங்கள் கையில் கிடைத்த பிறகும், நிருபர் குழுத் தலைவராக வரும் மைக்கேல் கீட்டன் “இப்போது வேண்டாம்” என்று நிற்கிறாரே, அதற்குத்தான் தைரியம் வேண்டும்.

மீனாட்சிபுரம் ரசிகன்:
நிருபர் அண்ணா சொன்னது சரி. பாரன் மியாமியிலிருந்து வந்த யூதர், பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் கராபீடியன் ஆர்மீனிய வம்சாவளி. பாஸ்டனிலேயே வளர்ந்தவர்கள் பழகிப்போய்விட்டதை வெளியாட்கள்தான் கேட்கிறார்கள். 2002 ஜனவரியில் செய்தி, டிசம்பரில் பாஸ்டன் திருச்சபைத் தலைவர் கர்தினால் லா ராஜினாமா, 2003-ல் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் ஆளுக்கொரு காட்சியோடு போய்விடுகிறார்கள், அது எனக்குக் குறைதான்.

சித்தூர் மாணவி:
நன்றிங்க. மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய நம்ம ஹேமா கமிட்டி அறிக்கையை இதோடு சேர்த்துப் பார்க்கலாமா? செமினாருக்குக் கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை பழைய நிருபர்:
தாராளமாக. 2017-ல் அமைத்த கமிட்டி, 2019 கடைசியில் அறிக்கை கொடுத்தது, வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். அதுவும் தகவல் உரிமை மனுப் போட்டவர்கள் விடாமல் துரத்தி, மாநிலத் தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகு. அப்போதும் சில பத்திகளை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். முதலில் பத்தி எண்களைப் பாருங்கள், எங்கே தாவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமை மனு எழுத மாதிரி வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், தமிழிலும் மலையாளத்திலும் வைத்திருக்கிறேன்.