கூட்டத்துல பை: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

பேட்டைக்காரி

ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல. அதான் எழுதுதேன்.

அம்மைக்கு கண்புரை ஆபரேஷன், பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரி. முன்பணம் 12,500 ரூவாய சின்ன பர்ஸ்ல வச்சு, அத முதுகுப்பைக்குள்ள துண்டுக்கும் தண்ணி பாட்டிலுக்கும் நடுவுல சொருகியிருந்தேன். ரெண்டு ரன்னரையும் சேத்து ஒரு குட்டிப் பூட்டும் போட்டாச்சு. டவுன் பஸ்ல நிக்க எடமில்ல. அம்மைக்கு ஒரு சீட் கெடச்சுது, நான் கம்பியப் புடிச்சு நின்னேன். ஈரடுக்குப் பாலத்துல ஏறும்போது முதுகுல லேசா ஒரு கை பட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஒரு பொண்ணு இடுப்புல கைக்குழந்த. அது என்னப் பாத்து சிரிச்சுது, நானும் சிரிச்சேன். புள்ளதான் தட்டியிருக்குன்னு திரும்பிக்கிட்டேன். அந்தப் பொண்ணு மேல பழி போட எனக்கு ஒரு ஆதாரமும் இல்ல. பக்கத்துல இன்னும் பத்துப் பேரு நின்னாங்க.

கவுண்டர்ல நின்னு பையத் தொறக்கேன். பூட்டு போட்டபடி கெடக்கு. ரெண்டு ரன்னரும் நான் விட்ட வலது மூலையிலயே ஒட்டி நிக்கி. கிழிசல் இல்ல, பிளேடு போட்ட தடம் இல்ல. பர்ஸ மட்டும் காணோம்.

அம்மை இன்னைக்கு வரைக்கும் "நீ வீட்டுலயே வச்சுட்டு வந்துட்ட"ன்னுதான் சொல்லுதா. வீட்டத் தலைகீழா பெரட்டிப் பாத்தாச்சு. மூடுன ஜிப்புக்குள்ள இருந்து எப்படிப் போகும்? அடுத்த மாசம் ரெண்டாவது கண்ணுக்குப் போகணும். எந்த மாதிரி பை வாங்கட்டும்?

தேரடி பைக்கடை

தங்கச்சி, 22 வருசமா பை தைக்கேன், ரிப்பேர் பாக்கேன். நீங்க வீட்டுல மறந்து வைக்கல.

உங்க பையில இருக்கது நைலான் சுருள் ஜிப். கிட்டப் பாத்தா பல்லு கெடயாது, ரெண்டு பக்கமும் சுருட்டுன நரம்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து நிக்கும். பால்பாயின்ட் பேனா முனைய நடுவுல வச்சு அமுக்குனா கோர்வை விட்டுரும், கை போற அளவு பிரியும். எடுத்த பொறவு பூட்டோட சேத்து ரெண்டு ரன்னரையும் ஒருக்கா அந்தக் கோடிக்கு இழுத்துட்டு, திருப்பி இங்க கொண்டாந்தா எல்லாம் பழையபடி கோத்துக்கிடும். பூட்டு ரன்னர ரன்னரோட கட்டுதே தவிர பையோட கட்டலையே.

இத நான் தெரிஞ்சுக்கிட்டது ஒரு காலேஜ் புள்ளகிட்ட இருந்து. ஆனித் தேர் முடிஞ்ச மறுநாள் பையக் கொண்டாந்து, "அண்ணாச்சி, ஜிப்ப மாத்துங்க"ன்னா. ஜிப் நல்லாத்தான இருக்குன்னேன். அந்தப் புள்ள கண்ணுல தண்ணி. அப்பதான் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். ஜிப் நடுவுல, துணி நாடாவுல, நீல மையில ஒரு புள்ளி. அதுக்குப் பக்கத்துல அரை இஞ்சுக்கு ஒரு கீறல். அந்தப் புள்ளியப் பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிட்டு. அன்னையில இருந்து யாரு பை கொண்டாந்தாலும் மொதல்ல ஜிப்பத்தான் பாக்கேன்.

உங்க பைய வெயில்ல புடிச்சுப் பாருங்க. புள்ளி இருந்தா இங்க சொல்லுங்க.

புதுசு வாங்கணும்னா பல்லு ஜிப் போட்டத வாங்குங்க. 8ஆம் நம்பர் பல்லு ஜிப்புக்குள்ள பேனாவ விடுறது லேசுல நடக்காது. இருக்க பையவே வச்சுக்கிடலாம்னா, ஜிப் முடியுற எடத்துல ஒரு வளையத்தத் தச்சு, ரன்னர அதுல கொக்கி போட்டு மாட்டுங்க. ரன்னர் நகராது. முதுகு ஒட்டுற பக்கம் உள்ளுக்குள்ள ஒரு அறை தச்சா பணத்துக்கு அதவிட நல்ல எடம் இல்ல.

வண்ணாரப்பேட்டை மயினி

ஜிப்பு எந்த நம்பரா இருந்தா என்ன, முதுகுல போட்ட பை அடுத்தவன் பை. எனக்குக் கண்ணு முன்னாடிதான இருக்கு?

புது பஸ் ஸ்டாண்டுல நாகர்கோவில் பஸ் ஏறப் போறேன். பின்னாடி இருந்து ஒரு குரல், "அக்கா, ஒங்க ரூவா கீழ கெடக்கு பாருங்க." குனிஞ்சு பாத்தா மூணு பத்து ரூவா நோட்டு, புதுசா, மடிப்பே இல்லாம. என் பையில அன்னைக்குப் பத்து ரூவா நோட்டே கெடயாது. அது ஞாபகம் வந்த நொடியில பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். முன் ஜிப் பாதி தொறந்து கெடந்துச்சு, ஒண்ணும் போகல. பை குறுக்க மாட்டி, வயித்துக்கு முன்னால கெடந்ததாலதான் தப்பிச்சேன். நிமிந்து பாக்கதுக்குள்ள அந்தக் குரலுக்குரிய ஆளு இல்ல. நோட்டு மூணும் அப்படியே கெடக்கு. எடுக்கவே கை வரல.

பேட்டைக்காரி தங்கச்சி, குறுக்குப் பை வாங்குங்க. வேற யோசிக்காதிய.

சமாதானபுரம்

மயினி சொல்லுதத ஏத்துக்கிட முடியல. பஸ்ஸுக்குள்ள சரி, ரோட்டுல நடக்கும்போது?

எங்க சித்தி மக சாயங்காலம் ரோட்டு ஓரமா நடந்து வந்துக்கிட்டிருந்தா. பைக்ல ரெண்டு பேரு. குறுக்க மாட்டுன பையோட வாரப் பின்னால இருந்து புடிச்சு இழுத்துட்டான். வார் அறுந்திருந்தா பை மட்டும் போயிருக்கும். நல்ல கனமான நாடா, அறல. நாலஞ்சு அடி தூரம் தரையோட இழுத்துட்டுப் போயிட்டான். தாடையில ஏழு தையல். பை அவகிட்டயேதான் இருந்துச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த வார் அவ கழுத்துல செவப்பா தடம் போட்டிருந்துச்சு. மறக்க முடியல.

அதனால ரோட்டுல நடந்தா பை வண்டி வாற பக்கம் தொங்கக் கூடாது, சுவத்துப் பக்கம் கெடக்கணும். எவனாவது இழுத்தா விட்டுருங்க, இழுபறி வேண்டாம்.

இன்னொன்னும் சொல்லுதேன். ஒத்தத் தோளுப் பைய நாள் பூரா மாட்டிப் பாத்திருக்கியளா? எனக்கு எட்டு வருசம் வலது தோள்லயே தொங்குச்சு. இப்போ கழுத்துல இருந்து முழங்கை வரைக்கும் ஒரே குடைச்சல். ஒரு லிட்டர் தண்ணியே ஒரு கிலோ. கூட குடை, சாப்பாட்டு டப்பா, துண்டுன்னு சேந்தா தோளு தாங்குமா? கனத்த ரெண்டு தோளுக்கும் பிரிக்கது முதுகுப்பைதான். கூட்டத்துல மட்டும் அதத் திருப்பி நெஞ்சுல மாட்டிக்கிடுங்க. வார் ரெண்டு வெரல் அகலத்துக்குக் கொறையாம, உள்ள பஞ்சு வச்சதா இருக்கணும். பையோட அடி இடுப்புக்குக் கீழ எறங்கக் கூடாது, எறங்குனா நடை பூரா முதுகு பின்னால இழுக்கும். கடையில வெறும் பைய மாட்டிப் பாக்காதிய. ரெண்டு தண்ணி பாட்டில உள்ள போட்டு மாட்டி, கடையச் சுத்திப் பத்து நிமிசம் நடங்க. கடைக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

வண்ணாரப்பேட்டை மயினி

ஒங்க தங்கச்சிக்கு நடந்தது கேக்கவே நடுங்குது. ஆனா இடுப்புல புள்ளைய வச்சிருக்கவ முதுகுப்பைய எப்படித் திருப்பி நெஞ்சுல மாட்டுவா? புள்ளைய எங்க வைப்பா? அதையும் யோசிச்சுச் சொல்லணும்.

அம்பாசமுத்திரம்

எல்லாரும் மனுசன் கையப் பத்தியே பேசுதிய. எனக்கு நடந்தது பாபநாசத்துல, அகஸ்தியர் அருவிக்கு மேல ஏறுற எடத்துல.

அப்பாவுக்கு 74 வயசு, பிரஷர் மாத்திரை தவறாம போடணும். பைய பக்கத்துலயே படியில வச்சுட்டு அவங்களுக்குத் துண்டப் புழிஞ்சு குடுத்துக்கிட்டிருந்தேன். நாட்டுக்குரங்கு ஒண்ணு வந்து உக்காந்துச்சு. அது அவசரப்படவே இல்ல. ரன்னர ரெண்டு வெரலால புடிச்சு, நாம தொறக்குத மாதிரியே, சீரா இழுத்துச்சு. நான் பிரமிச்சுப் போயி நிக்கேன். பிஸ்கட் பாக்கெட்டுன்னு நெனச்சு மாத்திரைக் கவர எடுத்துட்டு மரத்துல ஏறிட்டு. அட்டையப் பிரிக்குத சத்தம் கீழ கேக்கு, பளபளன்னு காகிதம் உதிருது.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு மாத்திரை கெடச்சுட்டு, எறங்கி வந்து வாங்கிட்டோம். ஆனா அந்த மாத்திரையத் தின்ன குரங்கு என்னாச்சோன்னு இன்னும் நெனச்சுப் பாப்பேன். காட்டு எல்லைக்குள்ள நம்ம மருந்த நாமதான் கொண்டு போயி அதுக்கு எட்டுத மாதிரி வச்சோம்.

இப்போ ரன்னர்ல ஊக்கு குத்தித்தான் மலைக்குப் போறது. கையில பாலிதீன் கவர் மட்டும் எடுத்துட்டுப் போயிராதிய. அந்தச் சரசர சத்தம் கேட்டாலே ஓடி வருது.

ஆறுமுகநேரி

2023 டிசம்பர் 17 ராத்திரி. திருச்செந்தூர்ல இருந்து சென்னை போற ரயில். ஸ்ரீவைகுண்டத்துல நிறுத்துனாங்க. அங்கிட்டு தண்டவாளத்துக்குக் கீழ மண்ணும் ஜல்லியும் அடிச்சுட்டுப் போயிட்டு. அந்த மழை எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். வண்டியில சுமார் 800 பேரு. கொஞ்சம் பேரப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாங்க, நாங்க வண்டியிலேயே இருந்தோம். 19ஆம் தேதிதான் வெளிய வந்தோம்.

எதிர் சீட்டுல ஒரு ஆச்சி. சக்கர மாத்திரை எல்லாம் பெரிய பெட்டிக்குள்ள, பெட்டி அடுத்த கோச்சுல மகன்கிட்ட, மகன் பள்ளிக்கூடத்துல. என் நெஞ்சுப் பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எண்ணிச் சொல்லுதேன்: எங்க அம்மையோட சக்கர மாத்திரை அட்டை, ரெண்டு பிஸ்கட் பாக்கெட், சின்ன டார்ச், டாக்டர் சீட்டு. சீட்டு மட்டும் கழுவிக் காயவச்ச ஆவின் பால் கவருக்குள்ள. ஆச்சி தன்னோட மாத்திரைப் பேரச் சரியாச் சொன்னாங்க. என் அட்டையில அதே பேருதான், பலமும் அதேதான். ஆனா ஒண்ணும் சாப்புடாத வயித்துல குடுக்கவா வேண்டாமான்னு நானும் பக்கத்து சீட்டு நர்ஸ் அக்காவும் அரை மணி நேரம் பேசுனோம். மொதல்ல பிஸ்கட்டக் குடுத்து, பொறவுதான் மாத்திரை. ஆச்சி மாத்திரைய உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "இது ஒன் அம்மைக்குல்லா"ன்னு கேட்டது காதுலயே நிக்கி.

பெரிய பை ஒடம்ப விட்டுப் போகும். மருந்தும் சீட்டும் சின்னப் பையில, ஒடம்புலயே இருக்கணும். தூங்கும்போதும் கழட்டாதிய.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி

எனக்கு நடந்தது சிறியது. பழைய குற்றாலத்தில் பையைப் பாறை மேல் வைத்துவிட்டுக் குளித்தேன். வந்து பார்த்தால் பை இருந்தது, கைப்பேசி இல்லை. என்னுடன் வந்த பேரன் "தாத்தா, நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்று அழுதான். அவன் அழுகைதான் எனக்கு வலி.

அன்று தெரியாமல் தவித்தவற்றை எழுதுகிறேன். கைப்பேசி போனால் முதல் வேலை, வேறொரு பேசியிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை நிறுத்துவது. சிம் திருடியவர் கையில் இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். இரண்டாவது, வங்கியை அழைத்துக் கணக்கையும் யுபிஐ வசதியையும் நிறுத்துவது. பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். ரயிலில் திருட்டு என்றால் 139. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கினால், மத்திய அரசின் சிஇஐஆர் இணையதளத்தில், கைப்பேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துக் கைப்பேசியையே முடக்கலாம். அந்த 15 இலக்க எண்ணை இன்றைக்கே *#06# அழுத்திப் பார்த்து வீட்டு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். தொலைந்த பிறகு பெட்டியைத் தேடி அலைந்தேன் நான். ஆதார் அட்டையின் மூலத்தைப் பையில் சுமக்காதீர்கள். முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைத் தரவிறக்கி அச்செடுத்து வைத்தால் போதும்.

சமாதானபுரம் எடையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. பள்ளிப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கையே சொல்கிறது. வளரும் பிள்ளைக்குச் சொன்ன கணக்கு, தேய்ந்த எலும்புள்ள நமக்கும் நல்லதே. 60 கிலோ உள்ளவர் 6 கிலோவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேரடி பைக்கடை

மயினி கேட்டது நியாயமான கேள்வி. புள்ளைய இடுப்புல வச்சிருக்கவங்களுக்கு நான் தச்சுக் குடுக்கது நம்ம ஆச்சிமாரு சுருக்குப்பை மாதிரிதான். சேலை மடிப்புக்குள்ள சொருகுத அளவு தட்டையான துணிப்பை, மேல டிச் பட்டன், நாடா இடுப்புக் கயிறோட முடிச்சு. பணம், நகை, மருந்து அதுல. தோள்ல மாட்டுத பையில துண்டும் தண்ணியும்தான். அத எவன் இழுத்தாலும் விட்டுரலாம். சமாதானபுரம் தங்கச்சிக்கு நடந்ததுக்கும் இதுதான் வழி.

பேட்டைக்காரி தங்கச்சி, பையப் பாத்தியளா?

பேட்டைக்காரி

அண்ணாச்சி, பாத்தேன்.

மொட்ட மாடிக்குக் கொண்டு போயி வெயில்ல புடிச்சேன். மொதல்ல ஒண்ணும் தெரியல. ஜிப்ப வெரலால லேசா விரிச்சுப் பாத்தப்போ, நடுவுல இருந்து கொஞ்சம் எடப்பக்கமா, கறுப்பு நாடாவுல நீலமா ஒரு புள்ளி. கடுகவிடச் சின்னது. அண்ணாச்சி சொன்ன மாதிரியே பக்கத்துல ஒரு கீறல். அங்கேயே உக்காந்துட்டேன். ரெண்டு மாசமா எம்மேலயே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு.

கீழ ஓடி வந்து அம்மைகிட்ட காட்டுனேன். வாசப்படியில உக்காந்து, ஆபரேஷன் ஆன கண்ணுல பாக்காம, வழக்கம்போல ஆபரேஷன் ஆகாத கண்ணுகிட்ட கொண்டு போனா. "எங்கட்டி?"ன்னா. அவ வெரலப் புடிச்சு அந்த எடத்துல வச்சேன். தடவிப் பாத்தா. பொறவு அந்தப் பக்கத்துக் கண்ண மூடிக்கிட்டு, புதுக் கண்ணால பாத்தா.

"ஆமாட்டி, இருக்கு"ன்னா.

திங்கக்கிழமை பையோட தேரடிக்கு வாரேன் அண்ணாச்சி. வளையமும் உள்ளறையும் தச்சுக் குடுங்க. அம்மைக்கு ஒரு சுருக்குப்பையும் வேணும்.