டி.ஓ.எஃப்.: புல ஆழமா, தெளிவாழமா?

ம. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

தொடக்கநிலை ஒளிப்பட வகுப்புக்கான கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. 64 பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மூலத்தில் பக்கத்துக்குப் பத்துச் சுருக்கக்குறி, ஒன்றுக்கும் விளக்கம் கிடையாது. ஒரு வரியை அப்படியே எழுத்துப்பெயர்த்தால் இப்படி வருகிறது: "ஏ.வி.யில் எஃப்/8, டி.ஓ.எஃப். போதாவிட்டால் எஃப்/11, ஐ.எஸ்.ஓ. ஒரு படி ஏற்று, முக்காலியில் ஓ.ஐ.எஸ். அணை." கேமராவை நேற்று வாங்கியவருக்கு இது மருந்துச் சீட்டு.

அவசரமாக வேண்டியது டி.ஓ.எஃப்.-க்கு, அதாவது படத்தில் எவ்வளவு ஆழம் வரை தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு, ஒரு சொல். புல ஆழம், காட்சி ஆழம், குவிய ஆழம் மூன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. எதை எடுக்கலாம்? அட்டவணைகளில் கட்டம் சிறியது. தமிழிலும் ஒரு குறுக்கம் கிடைத்தால் நல்லது.

செ. எழுதியது:

ம., சொல் தேடுமுன் எந்த டி.ஓ.எஃப். என்று பாருங்கள். இரண்டு இருக்கின்றன. ஒன்று லென்ஸுக்கு முன்னால், பொருள்கள் இருக்கும் பக்கம். மற்றது லென்ஸுக்குப் பின்னால், படம் பதியும் உணரி இருக்கும் பக்கம். ஆங்கிலத்தில் முன்னது டெப்த் ஆஃப் ஃபீல்ட், பின்னது டெப்த் ஆஃப் ஃபோகஸ், இரண்டுக்கும் முதலெழுத்துகள் ஒன்றே.

முழுச்சட்டக் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறியது), ஆள் 2 மீட்டரில். ஏற்கத்தக்க மங்கல் வட்டம் (ஒரு புள்ளி உணரியில் பரவி விழும் வட்டம்) 0.03 மி.மீ. என்று கொண்டால், முன்பக்க ஆழம் சுமார் 17 செ.மீ. (1.92 மீட்டரிலிருந்து 2.09 மீட்டர் வரை). பின்பக்க ஆழம் சுமார் 0.11 மி.மீ. துளையை எஃப்/8க்குக் குறைத்தால் முன்னது 78 செ.மீ., பின்னது அரை மி.மீ. ஒரே சுருக்கக்குறிக்குள் சாணும் இருக்கிறது, தாள் கனமும் இருக்கிறது.

நடத்தையும் வேறு. பொருளை நெருங்கினால் முன்பக்க ஆழம் சுருங்கும், பின்பக்க ஆழம் சற்றுக் கூடும். அகலக்கோண லென்ஸுக்கு மாறினால் முன்னது வெகுவாகக் கூடும், பின்னது அதே எஃப் எண்ணில் ஏறத்தாழ அப்படியேதான். லென்ஸ் மாட்டும் வளையம் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அகலக்கோணத்தில் படத்தின் ஓரம் கெடுவது இதனால்தான். இரண்டுக்கும் "குவிய ஆழம்" என்று போட்டுவிட்டு, "நெருங்கினால் குறையும்" என்று எழுதினால் பாதிப் பக்கம் தவறு.

இரா. எழுதியது:

செ. சொல்வது சரி. பின்பக்கத்துக்குக் குவிய ஆழம், முன்பக்கத்துக்குப் புல ஆழம் என்று கொள்ளலாம். "புலம்" இயற்பியலில் மின்புலம், காந்தப்புலம் என்று வந்து உட்கார்ந்துகொண்டதால் சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். புலப்படுதல், புலனாதல் எல்லாம் அதன் சுற்றம். புலப்படும் ஆழம் புல ஆழம். ஆங்கில மூலத்தைவிடத் தமிழ்ச்சொல் பொருத்தமாக விழுந்திருக்கிறது.

ஆனால் "புல ஆழம்" என்று பிரித்து எழுதுவது பிழை. மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒக்கும் என்பது நன்னூல். மரம் + அடி மரவடி ஆவதுபோல, புலம் + ஆழம் புலவாழம்.

அப்புறம், அக்ரோனிம் (முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர்) என்பதற்கு "சுருக்கெழுத்து" என்று எழுதாதீர்கள், அது வேகமாகக் குறிப்பெடுக்கும் முறை. அஃகுப்பெயர் என்ற சொல் இருக்கிறது. அஃகுதல் சுருங்குதல். "அஃகாமை செல்வத்திற்கு யாதெனின்" என்கிறது குறள். "அஃகி அகன்ற அறிவு" என்னுமிடத்தில் அதே வினை நுட்பத்தைக் குறிக்கும். சுருங்கினால் நுட்பமாகும் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எஃப் என்ற எழுத்தைத் தமிழில் எழுதவும் அதே ஆய்தம்தான் வந்து நிற்கிறது பாருங்கள்!

க. எழுதியது:

இரா. ஐயா, புலவாழம் என்றதும் எனக்குப் புலவு நாற்றம்தான் வருகிறது. மீன்கடைக்குப் பக்கத்தில் வகுப்பு நடந்தால் மிகப் பொருத்தம்.

இலங்கைப் பாடநூல்களில் வில்லை, குவியத்தூரம் என்றே படித்து வருகிறோம், தமிழ்நாட்டில் லென்சு. கையேடு இரு பக்கத்துக்கும் போவதானால் முதல் வருகையிலாவது வில்லையையும் சேர்த்துப் போடுங்கள்.

அஃகினால் நுட்பமாகும் என்பதை ஏற்கமாட்டேன். நிக்கானின் பழைய லென்ஸ்களில் "ஏ.ஐ." என்று வரும். 1977இல் வந்த அமைப்பு அது. லென்ஸின் மிகப் பெரிய துளை எது என்பதை மாட்டும்போதே கேமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாடு. கேனனில் "ஏ.ஐ. சர்வோ" என்றால் ஓடும் பொருளை விடாமல் தொடரும் குவியமுறை. இன்று ஏ.ஐ. என்றால் என்ன என்று சொல்லவேண்டியதில்லை. தேடி-மாற்று கொடுத்தால் கையேட்டில் "செயற்கை நுண்ணறிவு லென்ஸ்" முளைத்துவிடும். சிரிப்போடு போகாது. அந்த அமைப்புக்கு முந்திய லென்ஸை, அதற்கு இடம் விடாத நிக்கான் உடலில் திருகி மாட்டினால் வளையத்தருகே உள்ள சிறு நெம்பு உடையும். "ஏ.ஐ. அல்லாத லென்ஸ் கூடாது" என்ற எச்சரிக்கை வாசிப்பவருக்குப் புரிந்தாகவேண்டும்.

நிக்கானிலேயே "ஏ.எஃப்-எஸ்" லென்ஸின் மேல் இருந்தால் ஓசையற்ற மோட்டார், கேமராவின் திரைப்பட்டியில் இருந்தால் ஒருமுறை குவித்து நிறுத்தும் முறை. இதற்கு எந்தக் குறள்?

ம. எழுதியது:

புலவாழம் வேண்டாம், பிழைதிருத்துபவரே "புலவர் ஆழம்" என்று திருத்திவிடுவார். குறுக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பு.ஆ.?

செ. எழுதியது:

குறுக்கம் வேண்டாம். மி.மீ., கி.மு. போன்றவை நாள்பட்ட பழக்கம். மி.மீ. என்பது மில்லிமீட்டரின் தலைதான், ஆனாலும் அதைப் பார்த்து யாரும் நின்று யோசிப்பதில்லை. பு.ஆ. என்றால் நின்று யோசிப்பார்கள். ஆங்கிலப் புதிரை எடுத்துவிட்டுத் தமிழ்ப் புதிரை வைப்பதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? அட்டவணைக் கட்டத்தை அகலமாக்குங்கள்.

"புல ஆழ"த்துக்கும் என் வாக்கு இல்லை. வகுப்பில் சொன்னால் பின்வரிசையில் "புல் ஆழம்" என்று காதில் விழும். தெளிவாழம் என்று போடுங்கள். இவ்வளவு ஆழம் வரை தெளிவு, அவ்வளவுதான். விளக்கம் தேவையில்லை, சந்திச் சிக்கலும் இல்லை.

இரா. எழுதியது:

> இவ்வளவு ஆழம் வரை தெளிவு

அங்கேதான் பிழை. அந்த எல்லையில் தெளிவு சட்டென்று முடிவதில்லை. குவித்த தளம் ஒன்றுதான் தெளிவு. அதற்கு முன்னும் பின்னும் மங்கல் மெல்ல மெல்லக் கூடுகிறது, கண் பொறுத்துக்கொள்கிறது. நீங்களே எடுத்துக்கொண்ட 0.03 மி.மீ. வட்டம், சிறிய அச்சுப்படத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு. அதே படத்தைச் சுவரளவுக்குப் பெருக்கிக் கிட்டே நின்று பார்த்தால் உங்கள் 17 செ.மீ. சுருங்கும். தெளிவாழம் என்ற பெயர் பொய் உறுதி தருகிறது.

அந்த வட்டத்தை எல்லாரும் "மங்கல் வட்டம்" என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது குழப்ப வட்டம், சிரிக்க வேண்டியதில்லை. அவர்கள் சொல்லின் இலத்தீன் வேர் "சேர்த்து ஊற்றுதல்". நம் குழப்பமும் குழம்பிலிருந்து வந்ததே: கலத்தல், ஒன்றோடொன்று கரைதல். அடுப்பில் இருப்பதும் அதே குழம்புதான். ஒளிப்புள்ளிகள் பரவி ஒன்றோடொன்று கலப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

க. எழுதியது:

குழம்பு வட்டம் என்றே போட்டுவிடலாம், பசியாவது தீரும்.

ம., வேறு இரண்டு இடங்களைக் கவனியுங்கள். கேனனின் "டி.வி." தொலைக்காட்சி அல்ல, நேர மதிப்பு (ஒளி உள்ளே விழும் நேரம்), நிக்கானில் அது வெறும் "எஸ்". ஒளியைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் சாம்பல் வடிகட்டியின் "என்.டி." எண்கள் அதைவிட மோசம். ஒரு நிறுவனம் 8 என்று எழுதும், இன்னொன்று 0.9 என்று எழுதும். இரண்டும் ஒன்றே: ஒளி எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 படி (ஒரு படி என்றால் ஒளி பாதியாவது). 3.0 என்று இருந்தால் அது 3 படி அல்ல, 10 படி. வடிகட்டி இல்லாமல் 1/60 வினாடி தேவைப்படும் காட்சிக்கு 3 படி என்று நினைத்து 1/8 வைத்தால் படம் கறுப்பு. வேண்டியது சுமார் 17 வினாடி. இந்த இடத்தில் நல்ல சொல் மட்டும் போதாது, எத்தனை படி என்று எண்ணாலும் எழுதுங்கள்.

செ. எழுதியது:

க. சொன்னதை வைத்து நடைமுறை ஒன்று சொல்கிறேன். கேமராவின் உடலிலோ திரைப்பட்டியிலோ பொறித்திருக்கும் எழுத்துகளைத் தொடாதீர்கள். ஐ.எஸ்.ஓ., டி.வி. எல்லாம் மாணவர் விரல் வைத்துத் தேட வேண்டியவை, ஆங்கில எழுத்திலேயே கட்டம் கட்டி அச்சிடுங்கள், பக்கத்தில் தமிழ்ப்பொருள். பொறிக்கப்படாத சுருக்கங்கள், டி.ஓ.எஃப். போன்றவை, எழுதுபவரின் சோம்பல் மட்டுமே. அவற்றை ஒவ்வொரு முறையும் முழுச்சொல்லாக எழுதுங்கள். கேனன் ஐ.எஸ்., நிக்கான் வி.ஆர்., சோனி ஓ.எஸ்.எஸ்., டாம்ரான் வி.சி. நான்கும் செய்யும் வேலை ஒன்றே: நடுக்கத் தணிப்பு. அதை ஒரு முறை சொல்லி, நான்கு பெயரையும் ஒரு கட்டத்தில் போட்டால் போதும்.

ம. எழுதியது:

தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். தெளிவாழம் 6, புல ஆழம் 4, காட்சி ஆழம் 1. குவிய ஆழத்தைப் பின்பக்கத்துக்கே வைத்துக்கொள்கிறேன், கையேட்டில் அது ஒரே இடத்தில்தான் வருகிறது. தெளிவாழம் முதலில் வரும் பக்கத்தில், "தெளிவாகத் தோன்றும் ஆழம், பெரிதாக்கிப் பார்த்தால் குறையும்" என்று இரா. ஐயாவுக்காக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குறுக்கம் கிடையாது, கட்டத்தை அகலமாக்கியாயிற்று. மங்கல் வட்டம் மங்கல் வட்டமாகவே இருக்கும்.

இரா. எழுதியது:

அச்சிடுங்கள். சேர்த்த வரிக்கு நன்றி. என் சொல் புலவாழம்தான், இந்த இழையில் அது பதிவாகி இருக்கட்டும். மங்கல் வட்டம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன். "மங்கல்" வேண்டுமா "மழுங்கல்" வேண்டுமா என்பதை இன்னும் யாரும் பேசவே இல்லை.

க. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை கழியட்டும்.