சித்திரக்கதை எழுதப் போய்ச் சந்தித்தவர்கள்: திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து, சித்திரக்கதை எழுத்தாளர்

நான் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு இருப்பவன் அல்லன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, சித்திரக்கதைகளுக்குக் கதையும் உரையாடலும் எழுதிக் கொடுப்பதே என் தொழில். 1942ஆம் ஆண்டு திருகோணமலை மீது நடந்த விமானத் தாக்குதலைப் பின்புலமாக வைத்து, மட்டக்களப்பிலுள்ள ஓவிய நண்பரும் நானும் சில ஆண்டுகளாகச் செய்துவந்த 64 பக்கச் சித்திரக்கதை நிறைவடைந்து, இப்போது அச்சகத்துக்குப் போயிருக்கிறது. இந்தச் செய்தியைச் சொன்னபோது, விவரங்களை எங்கே எடுத்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். நூல்களில் எடுத்தவையும் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களில் உயிரோடு இருப்பவையெல்லாம் மனிதர்களிடமிருந்து வந்தவை. ஆகவே அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

படம் வரைபவர் வேறொருவர் என்றால் எழுத்தாளருக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, கையில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் எழுத்தாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். வாசகர் காண்பது உரையாடல் குமிழிக்குள் இருக்கும் நாலைந்து சொற்களை மட்டுமே. நான் எழுதுவதில் பெரும்பகுதியை வாசிப்பவர் ஓவியர் ஒருவர்தான். சிறுகதையில் "தோணி கரைக்கு வந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். சித்திரக்கதையில் அந்தத் தோணி எப்படிப்பட்டது, அதில் எத்தனை பேர், கயிறு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

எங்கள் கதையின் சிறுவன் கரைவலைக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அதனால் நான் முதலில் போனது எங்கள் கடற்கரையில் நெடுங்காலம் சம்மாட்டியாக, அதாவது வலையும் தோணியும் வைத்துத் தொழில் நடத்துபவராக, இருந்த ஒரு பெரியவரிடம். வெற்றுத் தாளை நீட்டி, வலை வளைப்பதைக் கீறிக் காட்டுமாறு கேட்டேன். அவர் தாளை வாங்கவில்லை. ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் கோடிழுத்தார். கயிற்றின் ஒரு தலைப்பு கரையில் நிற்பவர்களிடம் இருக்கும். தோணி வலையை இறக்கிக்கொண்டே கடலுக்குள் அரைவட்டமாகப் போய், மறு தலைப்பைத் தூரத்தில் இன்னோரிடத்தில் கரைக்குக் கொண்டுவரும். அதன் பிறகு இரண்டு அணியினர் இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். "இழுக்க இழுக்க ரெண்டு பக்கமும் கிட்டக் கிட்ட வரவேணும், தம்பி. கடைசியிலதான் மடி கரைக்கு வரும்," என்று சொல்லி, மீன் சேரும் பையான அந்த மடியைக் காட்ட, இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் குச்சியை ஊன்றினார்.

அந்த மணற்கோடுதான் எங்கள் நூலின் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் பக்கங்களின் அமைப்பு. விரித்துப் பிடித்தால் இடது ஓரத்தில் ஓர் அணி, வலது ஓரத்தில் மற்ற அணி. கட்டங்கள் நடுவை நோக்கி ஒடுங்கிக்கொண்டே வர, இரண்டு பக்கங்களும் சேரும் மடிப்புக்கு மேலே மீன் துள்ளும் மடி கிடக்கும். வலை இழுக்கும்போது பாடுவதென்று பெரியவர் பாடிக் காட்டிய அம்பாப் பாடலையும் அதே முறையில் அமைத்தோம். முன்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுக்கும் அடி இடப்பக்கக் கட்டங்களில் வரும். "ஏலேலோ" என்று மற்றவர்கள் ஏற்றுப் பாடுவது வலப்பக்கக் கட்டங்களில் வரும். மடி நெருங்க நெருங்க எழுத்தும் பெருத்துக்கொண்டே போகும். ஒலியில்லாத தாளில் பாட்டை எப்படிக் கேட்கச் செய்வது என்று நான் நெடுநாள் தவித்திருந்தேன். விடை அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தது.

தாக்குதலைப் பற்றி நூல்கள் நிறையவே சொல்கின்றன. முந்திய டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானிய விமானந்தாங்கி அணி, 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியது. 9ஆம் திகதி வியாழன் காலையில் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கியது. எண்ணெய்க் குதமொன்றின் (பெரிய எண்ணெய்த் தாங்கியின்) மீது ஜப்பானிய விமானமொன்று மோதி எரிந்தது. துறைமுகத்தைவிட்டு முதல் நாள் இரவே விலகிச் சென்ற ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இவற்றில் எதுவும் எனக்கு ஒரு பக்கத்தைத் தரவில்லை. அன்று காலை ஒரு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதைத் தந்தவர், அப்போது சிறுமியாக இருந்து இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்ட ஓர் ஆச்சி. விமானங்களின் தோற்றம் அவருக்கு நினைவில்லை. புகையைக் கண்டு மேலேயிருந்து குண்டு போட்டுவிடுவார்கள் என்று பயந்த தாயார், அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்ததும், அரைவேக்காட்டுச் சோற்றோடு பானையைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தம்பலகாமத்துப் பக்கம் நடத்திக்கொண்டு போனதுமே அவருக்கு நினைவிருந்தன. வழியில் பசித்தபோது அந்த வேகாத சோற்றைத்தான் உப்புப் போட்டுத் தின்றார்களாம். அடுப்பு அணையும் கட்டம், பானையைச் சுற்றும் கைகள், படலையைச் சாத்தும் கட்டம், சாலை நெடுகப் பானை மட்டும் தெரியும் ஒரு நீளக் கட்டம் என்று உரையாடலே இல்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். நான் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுவே. அதில் என் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

ஆச்சி என்னிடம், "எங்கட வீட்டையும் கீறுவீங்களோ?" என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து ஓவியருக்கு அனுப்பினேன்: கிடுகுக் கூரை, முன்பக்கத் திண்ணை, வேலியோரம் ஒரு முருங்கை. வரைந்து வந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, படலை மற்றப் பக்கம் இருக்க வேண்டும் என்றார். ஓவியர் மறுபேச்சில்லாமல் அந்தப் படம் வரும் ஏழு கட்டங்களையும் மாற்றி வரைந்தார். எண்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு படலையை எந்த வாசகர் சரிபார்க்கப் போகிறார் என்று கேட்கலாம். ஆச்சி பார்ப்பார் என்பதே எங்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

சீனக்குடாக் குதங்களை வெளியில் கிடைத்த படங்களைப் பார்த்தே வரைந்தோம். நிலாவெளி வீதியிலுள்ள போர்க்காலக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓவியரை அழைத்துப் போனேன். அங்குள்ள கற்களில் பொறித்த வயதுகளை வாசித்த பிறகு, கடற்படையினரின் முகங்களை அவர் இன்னும் இளமையாக வரையத் தொடங்கினார்.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தொழிலுக்கு வர விரும்பும் இளையோர் கேட்பது அதைத்தான். டெங்கு விழிப்புணர்வு, கண்ணிவெடி அபாயம், வீதிப் பாதுகாப்பு என்று சிறு சிறு சித்திரக்கதைகள் எழுதியே என் வீட்டுச் செலவு ஓடுகிறது. அவற்றை நான் தாழ்வாக நினைக்கவில்லை. எட்டுப் பக்கத்துக்குள் ஒரு பிள்ளைக்குப் புரியும்படி ஒரு செய்தியைச் சொல்லப் பழகியது அங்கேதான். ஆனால் ஒரு நிறுவனம் எங்கள் பதினாறு பக்க நூலைத் தன் இலச்சினையோடு அச்சிட்டு, ஓவியரின் பெயரையோ என் பெயரையோ எங்குமே போடாமல் விட்டது. அது பணத்தைவிட வலித்தது. நான் சிறுவயதில் கைமாறிக் கைமாறிப் படித்த முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தன. அவற்றில் வந்த நாயகர்களின் பெயர்கள் எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிவு எதுவும் செய்யாமலே படைத்தவருக்குப் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. அவர் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள் அது நிற்கிறது. எனினும் யாருக்கு எந்த உரிமை, பெயர் எங்கே வரும் என்பதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது வரும் நூலின் அட்டையில் எங்கள் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன.

இந்த நூல் இவ்வளவு தாமதித்ததற்கு 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் ஒரு காரணம். தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட காலம் அது. சித்திரக்கதைக்கு யார் தாள் தருவார்கள்? கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளத்தில் பணம் திரட்டலாம் என்று பார்த்தால், அங்கே திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. கடைசியில் வண்ணத்தைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளையில், பதினாறு பக்கங்களைச் சேர்த்து அச்சிடும் பாரங்கள் நான்கு என்று கணக்குப் போட்டு, முன்கூட்டியே பணம் கட்டிய வாசகர்களின் துணையோடு அச்சுக்குக் கொடுத்தோம். கறுப்பு வெள்ளை இந்தக் கதைக்குப் பொருந்தியே இருக்கிறது.

மூதூரிலிருந்து, ஆசிரியை

மேலே எழுதியிருக்கும் சித்திரக்கதை எழுத்தாளரை நான் சந்தித்தது எங்கள் பாடசாலையில். 1660இல் கொட்டியாரக் குடாவுக்குப் பழுதுபார்க்க வந்த ஆங்கிலக் கப்பலிலிருந்து றொபேட் நொக்ஸும் அவருடைய தந்தையும் வேறு மாலுமிகளும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட செய்தியை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அது நடந்தது எங்கள் ஊரில் அல்லவா? அதைச் சித்திரக்கதையாக எழுதும் எண்ணத்தோடு வந்தவர், பாடம் எதுவும் நடத்தாமல் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: புளியமரத்தடியில் பிடிபட்ட அந்த நேரத்தில் அவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

பிள்ளைகள் பலரும் வாளைப் பார்ப்பார்கள், அதிகாரியைப் பார்ப்பார்கள் என்றார்கள். வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவன், "கப்பலைப் பார்ப்பாங்க, சேர். அது குடாவில நிக்குது, கண்ணுக்குத் தெரியுது, போக ஏலாது," என்றான். இவர் உடனே அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, எழுதியதை அவனிடமே காட்டினார். பாடநூலை எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்படும் அந்தப் பிள்ளை, அவர் விட்டுச் சென்ற டெங்குச் சித்திரக்கதையை முழுவதும் வாசித்து முடித்ததோடு, தானும் ஒரு பக்கத்தை ஆறு கட்டமாகப் பிரித்துக் கீறிக்கொண்டு வந்தான். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை கொடுப்பதை நேரத்தை வீணாக்குவதாக நினைக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வவுனியாவிலிருந்து, குமிழிகளில் எழுத்துப் பதிப்பவர்

உப்புவெளி எழுத்தாளரின் 1942 தாக்குதல் நூலின் குமிழிகளுக்கு எழுத்துப் பதித்தவன் நான். தமிழில் இந்த வேலைக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. எங்களிடம் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் வரும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிப் போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இட்டால், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாத வரையில் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய் விழும். அதைச் சரிசெய்துவிடலாம். சொல்லின் நீளத்தை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே சொல் ஒரு கட்டத்தின் முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டு, பேசுபவரின் முகத்தை மறைத்துவிடும்.

நான் வேலை செய்த எழுத்தாளர்களில் சிலர் ஒரு சொல்லையும் குறைக்க விடமாட்டார்கள். இந்த எழுத்தாளரிடம் அந்தக் கட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது, முகத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் கேட்டார். பயம் நன்றாகத் தெரிகிறது என்றேன். அப்படியானால் "அதோ" என்பது மட்டும் போதும் என்றார். அன்று மாலைக்குள் அந்த அத்தியாயத்தின் உரையாடல்களை எல்லாம் ஓவியத்தை வைத்துப் பார்த்து, ஏறக்குறைய பாதியாகக் குறைத்து அனுப்பியிருந்தார்.

மீண்டும் உப்புவெளியிலிருந்து, எழுத்தாளர்

டீச்சர், அந்த மாணவன் சொன்னதை வைத்தே நொக்ஸ் கதையின் முதல் பக்கத்தை அமைத்திருக்கிறேன்: பக்கம் முழுவதற்கும் ஒரே கட்டம், குடாவில் நிற்கும் கப்பல், அடியில் ஓரமாகப் பிடிபட்டவர்களின் பின்னந்தலைகள். பத்தொன்பது வயது இளைஞனாகப் பிடிபட்ட நொக்ஸ் 1679இல் அரிப்பு என்னும் ஊரிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சேரும் வரையிலான காலம் முழுவதையும் நான் எழுதப் போவதில்லை. அதை அவரே எழுதி 1681இல் வெளியிட்டுவிட்டார். பிடிபட்ட அந்தச் சில நாட்களை, கரையில் நின்று பார்த்த ஓர் உள்ளூர்ச் சிறுவனின் கண் வழியாகச் சொல்வதே என் திட்டம். முதல் இருபது பக்கங்களின் எழுத்துப்படி முடிந்து ஓவியரிடம் இருக்கிறது. அந்த மாணவனின் பெயரை, அவனும் பெற்றோரும் சம்மதித்தால், நன்றிப் பக்கத்தில் சேர்க்க விரும்புகிறேன்.

இத்தொழிலைத் தொடங்க விரும்புபவர்கள் நூறு பக்கக் கதையோடு தொடங்க வேண்டாம். நான்கு பக்கத்தில் முடியும் ஒன்றை எழுதி, ஓர் ஓவியரோடு சேர்ந்து அதை முடித்துப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் எழுத்துப்படியில் எந்த இடத்தில் அவர் தொலைபேசி எடுத்துச் சந்தேகம் கேட்கிறாரோ, அந்த இடத்தில் நீங்கள் இன்னும் யாரையோ சந்திக்க வேண்டியிருக்கிறது.

எனக்கும் இப்போது அப்படியொரு இடம் இருக்கிறது. பாலங்கள் வருவதற்கு முன்னர் கொட்டியாரக் குடாவின் கரையோரம் எப்படி இருந்தது, எந்தெந்த இடங்களில் கண்டல் மரங்கள் நீர்வரை வந்திருந்தன என்பதை நேரில் பார்த்த மூதூர், கிண்ணியாப் பெரியவர்கள் எவரேனும் உங்கள் வீடுகளில் இருந்தால் தெரிவியுங்கள். ஓவியரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.