கேஸ் கட்டுக்குள் வராத காகிதங்கள்

காத்திருக்கும் தங்கை:

எங்க அண்ணனுக்கு ஆயுள் விழுந்து மூணு வருஷம் ஆகுது. 302, கொலைக் குற்றப் பிரிவு. ஹைகோர்ட்ல அப்பீல் நிலுவையில இருக்கு. வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா, நடந்திருந்தா என்ன செஞ்சீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதுறேன்.

கொலை நடந்தது ராத்திரி ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவுலன்னு போலீஸ் சொல்லுது. அன்னிக்கு அண்ணனுக்கு ரெண்டாவது ஷிப்ட். கம்பெனி கேட்டுல வாட்ச்மேன்கிட்ட ஒரு நீளமான நோட்டு இருக்கும், பச்சை அட்டை போட்டது. வெளியே போறவங்க நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடணும். தான் பத்தேகாலுக்கு மேலதான் வெளியே வந்தேன்னு அண்ணன் முதல் நாள்லேர்ந்து சொல்றார். அவர் கைதான மூணாவது நாள் ரெண்டு போலீஸ்காரங்க மப்டியில வந்து அந்த நோட்டை வாங்கிட்டுப் போயிட்டாங்க. வாட்ச்மேன் தாத்தாவே எங்கம்மாகிட்ட சொன்னது இது. ரசீது எதுவும் அவர் கேக்கல, அவங்களும் கொடுக்கல.

குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்தப்ப முந்நூறு பக்கத்துக்கு மேல இருந்துச்சு. ஒவ்வொரு பக்கமா புரட்டினேன். எட்டு மகசர், அதாவது போலீஸ் கைப்பற்றின பொருளுக்கு எழுதற பட்டியல். அண்ணனோட செருப்புக்குக்கூட ஒரு மகசர் இருந்துச்சு, நோட்டுக்கு இல்ல. குறுக்கு விசாரணையில கேட்டப்ப, "அப்படி எந்தப் பதிவேடும் கைப்பற்றப்படவில்லை"ன்னு இன்ஸ்பெக்டர் ஒரே வரியில முடிச்சுட்டார். தாத்தாவை எங்க தரப்பு சாட்சியா நிறுத்தினோம். தீர்ப்புல அவரைப் பத்தி வந்தது இதுதான்: எதிரிக்குப் பழக்கமானவர், சொல்வதற்கு ஆதரவாக ஆவணம் ஏதும் இல்லை. (கோர்ட் பாஷையில எதிரின்னா குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது அண்ணன்.) ஆவணத்தைத்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே!

அண்ணன் செய்யலைன்னு நான் சொன்னா நீங்க நம்ப வேண்டாம். நான் தங்கச்சி, அப்படித்தான் சொல்லுவேன். அந்த ராத்திரி நான் அங்க இல்ல. நோட்டுல ஒன்பது மணின்னு இருந்திருந்தா அதையும் ஜட்ஜ் பாத்திருக்கட்டும். பாக்காமலே ஒருத்தரை ஆயுளுக்கும் உள்ள வெச்சதைத்தான் என்னால தாங்க முடியல.

கீழ்க்கோர்ட் வக்கீல்:

சகோதரி, இருபது வருடமாக செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கிறேன். நீங்கள் சொல்வது அபூர்வம் இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 207, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 230 ஆகியவற்றின்படி எதிரிக்கு நகல் கிடைப்பது யாருடைய வாக்குமூலம்? அரசுத் தரப்பு யாரைச் சாட்சியாக விசாரிக்கப் போகிறதோ அவர்களுடையது மட்டும். நூறு பேரை விசாரித்து இருபது பேரைப் பட்டியலில் வைத்தால் மீதி எண்பது பேர் சொன்னது நம் கைக்கு வராது. விசாரணை அதிகாரி நாள்தோறும் எழுதும் கேஸ் டைரியைக் கேட்கலாம் என்றால், பழைய பிரிவு 172 எதிரிக்கு அந்த உரிமை இல்லை என்கிறது. கோர்ட் வரவழைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யத்தான் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஒரு வரைவு விதியை ஏற்றது. போலீஸ் கைப்பற்றியும் பயன்படுத்தாமல் விட்ட வாக்குமூலம், ஆவணம், பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எதிரிக்குத் தர வேண்டும். உயர் நீதிமன்றங்கள் ஆறு மாதத்துக்குள் இதைத் தங்கள் விதிகளில் சேர்க்க வேண்டும் என்றது. அதற்கு முன்பே 2012இல் வி.கே. சசிகலா வழக்கில், கோர்ட்டில் இருந்தும் சான்றாகக் குறியிடப்படாத ஆவணங்களைப் பார்வையிட எதிரிக்கு அனுமதி கொடுத்தது. ஆக, கேட்க வழி இருக்கிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு. அந்தப் பட்டியலைக் கேட்டு நான் மனுப் போட்டால், "எதுக்கு சார் இழுக்கிறீங்க" என்று பெஞ்சு கிளார்க்கே கேட்கிறார்.

என் கேஸ் ஒன்று. வீட்டுக்குள் நடந்த கொலை, வெளியாள் யாரும் வர வாய்ப்பில்லை, எனவே கணவன்தான் என்பது வழக்கு. சம்பவ இடத்துப் போட்டோ ஒன்பது கொடுத்தார்கள். முதல் நாள் ராத்திரி கேஸ் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டோகிராபர் கொடுத்த பில்லைக் கவனித்தேன். பதினான்கு பிரிண்ட் என்று இருந்தது. மறுநாள் அவரைக் கூண்டில் ஏற்றியதும் எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டேன். "பதினாலு சார், எல்லாத்தையும் ஸ்டேஷன்ல கொடுத்துட்டேன்" என்றார் வெள்ளந்தியாக. கோர்ட் மீதி ஐந்தையும் கொண்டுவரச் சொன்னது. ஒன்றில் பின்கதவுத் தாழ்ப்பாள், திருகு பிடுங்கிக்கொண்டு மரச்சிராயோடு தொங்குகிறது. கட்சிக்காரர் விடுதலையானார். அந்த பில் கேஸ் கட்டில் இல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் உள்ளேதான்.

நாசிக் வழக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2003இல் ஒரே வீட்டில் ஐந்து பேர் கொலை. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2006இல் தூக்கு. பம்பாய் உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. காரணம், உயிர் தப்பிய பெண் சாட்சி, போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நான்கு பேரை யாரும் விசாரிக்கவில்லை, அந்த விவரத்தை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது. பதினாறு வருடச் சிறைக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. அந்த ஒரு விவரம் மறைக்கப்பட்டிருக்க, மூன்று கோர்ட்டுகள் தூக்கைப் பேசியிருக்கின்றன!

ஓய்வுபெற்ற ரைட்டர்:

நான் போலீஸ்ல இருந்தவன். பதினோரு வருஷம் ஸ்டேஷன் ரைட்டர், ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கறவன். அந்தப் பொண்ணு எழுதினதைப் படிச்சதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல.

ஒரு கொலை கேஸ். ஒரு பாட்டியம்மா சாட்சி சொல்லிச்சு. ஓடினவன் இடது காலை இழுத்து இழுத்து ஓடினான்னு சொல்லிச்சு. நான்தான் என் கையால எழுதினேன், ஒன்றரைப் பக்கம். பிடிச்சு வெச்சிருந்த பையனுக்குக் கால்ல ஒண்ணும் இல்ல. அய்யா, அதாவது எங்க அதிகாரி, படிச்சுப் பாத்துட்டு, "இதை வெச்சா வக்கீல் புடிச்சுக்குவான்யா, பாட்டிக்கு ராத்திரியில கண்ணு எங்க தெரியப் போகுது"ன்னார். நாலா மடிச்சு என் பேடுக்கு அடியில சொருகிட்டுப் போயிட்டார். கிழின்னும் சொல்லல, வைன்னும் சொல்லல.

வெளிய இருக்கறவங்களுக்கு ஒண்ணு தெரியாது. போலீஸ்கிட்ட சொல்ற வாக்குமூலத்துல சாட்சிகிட்ட கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. மிரட்டி வாங்கிடக் கூடாதுன்னு நல்லெண்ணத்துல வெச்சது. ஆனா அதனாலேயே அந்தத் தாளை இல்லாம ஆக்கறது ரொம்ப சுலபம். பாட்டி பேரு பட்டியல்ல வரல. அதுக்கும் கோர்ட்டுல தன்னைக் கூப்பிடுவாங்கன்னு ஒரு நெனப்பு. ரெண்டு தடவை ஸ்டேஷனுக்கு வந்து "எப்ப சாமி வரணும்"னு கேட்டுச்சு. "சொல்லி அனுப்புறோம் பாட்டி"ன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்.

பையனுக்கு ஆயுள். பாட்டிக்குக் கண்ணு நெசமாவே தெரியாம இருந்திருக்கலாம். அதை முடிவு பண்ண வேண்டியது நானோ அய்யாவோ இல்லையே. பல வருஷம் கழிச்சு ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல அவனைப் பாத்தேன், விடுதலையாகி வந்திருக்கான். தலை பாதி நரைச்சுப்போச்சு. என்னைத் தெரியல. ரெண்டு காலும் நேரா வெச்சு நடந்து போனான். அவன் போற வரைக்கும் அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அம்மா, உங்க நோட்டை எடுத்தது உண்மைன்னா அன்னிக்கு யார் யார் எங்க டியூட்டியில போனாங்கன்னு ஸ்டேஷன்ல தினமும் நடக்கறதை எழுதற ஜெனரல் டைரியில இருக்கும். போன வேலையை மறைச்சாலும் போனதை மறைக்கறது கஷ்டம். அதைக் கேளுங்க.

சட்டக் கல்லூரி மாணவன்:

சின்னதா ஒண்ணு. செல்போன் கால் ரெக்கார்டு, டவர் விவரம் எல்லாம் கம்பெனிகள் இப்போ ரெண்டு வருஷம்தான் வெச்சிருக்கணும். 2021 டிசம்பருக்கு முன்னாடி ஒரு வருஷம்தான். கோர்ட்ல விசாரணை தொடங்கறதுக்குள்ள அது போயிடும். கைதான உடனே, பெயில் மனுவோட சேர்த்தே, அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி மனுப் போட்டுடணும்.

அமெரிக்காவுல மைக்கேல் மார்ட்டன்னு ஒருத்தர். மனைவியைக் கொன்னதா 1987ல ஆயுள். அவங்களோட மூணு வயசுப் பையன் பாட்டிகிட்ட, அம்மாவை அடிச்சப்ப அப்பா வீட்ல இல்லன்னு சொன்னது போலீஸ் ஃபைல்லயே இருந்துச்சு, எதிர்த்தரப்புக்குக் கொடுக்கல. 2011ல டி.என்.ஏ. சோதனையில வேற ஆள்னு தெரிஞ்சு வெளியே வந்தார். அதுக்கப்புறம் 2013ல டெக்சாஸ்ல அவர் பேர்லயே சட்டம் வந்துச்சு, அரசுத் தரப்பு ஃபைலைத் திறந்து காட்டணும்னு. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

காத்திருக்கும் தங்கை:

எல்லாருக்கும் நன்றி. ரைட்டர் அய்யா, உங்களுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. மொதல்ல கோபமாத்தான் வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி படிச்சேன். எழுதினதுக்கு நன்றி.

எங்க வக்கீல்கிட்ட எல்லாத்தையும் காட்டினேன். அந்த நாளோட ஜெனரல் டைரியையும் கேஸ் டைரியையும் ஹைகோர்ட்டே வரவழைச்சுப் பாக்கணும்னு மனுப் போடறோம். அப்பீல்ல புது சாட்சியம் எடுக்க 391ன்னு ஒரு பிரிவு இருக்காம், அதுலயும் போடலாம்னார். ஆனா புதுசா ஏதாவது கையில இருக்கணும்னார்.

அதுக்காக அண்ணனோட பழைய சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். ஓ.டி. கணக்குப் போட அவர் தினமும் அந்த கேட் நோட்டைப் பாத்து ஒரு சின்ன டைரியில பென்சிலால குறிச்சு வெப்பாராம். பரண்ல இருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தேதி இருக்கு. அண்ணன் பேருக்கு நேரா 10.20ன்னு இருக்கு. பென்சில் லேசா மங்கிப்போச்சு, ஆனா படிக்க முடியுது. கொலை நடந்த இடத்துக்குக் கம்பெனியிலேர்ந்து சைக்கிள்ல அரை மணி நேரம்.

அஃபிடவிட்ல கையெழுத்துப் போடுவீங்களாண்ணான்னு கேட்டேன். அவர் பதில் சொல்றதுக்குள்ள உள்ளேர்ந்து அவர் வீட்டு அக்கா வந்து, "பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம்மா, போலீஸ் கோர்ட்டுன்னு எங்களை இழுத்து விட்டுடாத"ன்னாங்க. அவர் தலையைக் குனிஞ்சுட்டார். டைரியை மட்டும் திருப்பி வாங்கல, என் கையிலேயே விட்டுட்டார்.

திங்கட்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு மறுபடி போறேன்.