ஆடி அமாவாசையும் தாத்தா வேட்டியும்

குழு: நம்ம வீடு, சத்துவாச்சாரி, வேலூர்

புதன் இரவு

பெரியம்மா: கண்ணு, மாடியில் இருந்து பார்த்தால் உங்கள் தோட்டத்தில் கொய்யா மரத்துக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே தாத்தாவின் வேட்டி தொங்குகிறது, முன்னால் ஊதா நிறத்தில் ஒரு லைட். விடிந்தால் ஆடி அமாவாசை. எதிர்வீட்டு அம்மா எனக்கு போன் போட்டு "உங்கள் வீட்டில் ஏதாவது பரிகாரமா" என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

நான்: பரிகாரம் எல்லாம் இல்லை பெரியம்மா, அந்துப்பூச்சி பார்க்கிறேன். இன்றைக்கு ஒத்திகை, நாளைக்குத்தான் சரியாக எண்ணப் போகிறேன். நிலா இருந்தால் விளக்குக்குக் கூட்டம் சேராது, அதனால்தான் அமாவாசை. ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் என்று ஒன்று 2012இல் அமெரிக்காவில் ஆரம்பித்து இப்போது பல நாடுகளில் நடக்கிறது. இந்த வருஷம் நம்முடைய அமாவாசை அதற்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறது.

பெரியம்மா: அந்து என்றால் அரிசி டின்னில் வருவதுதானே. அதற்கு லைட் எதற்கு, என் சமையலறைக்கு வா.

நான்: அது ஒரு வகை 😀 இந்தியாவில் மட்டும் 10,000க்கு மேல் இருக்கிறது. முருங்கையில் கொத்துக்கொத்தாக அப்பிக்கொண்டு நம்மைச் சொறிய வைக்கிற கம்பளிப்புழுவும் வளர்ந்தால் அந்துதான். நீங்கள் கட்டுகிற ஆரணிப் பட்டும் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டிலிருந்து வந்ததுதான்.

பெரியம்மா: பட்டுப் புடவையை இதில் இழுக்காதே.

அணைக்கட்டு சித்தப்பா: ஏம்மா, இதே விளக்கை எங்கள் நிலத்தில் நாங்களும் வைக்கிறோம். விளக்குப்பொறி. கீழே தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், காலையில் பார்த்தால் படிக்கணக்கில் செத்துக் கிடக்கும். நீ வாங்க வாங்க என்று கூப்பிட்டு, போட்டோ எடுத்து, பத்திரமாக அனுப்பி வைக்கிறாய். அது நேராக என் கத்தரிக்குத்தானே வரும்?

நான்: சத்துவாச்சாரியில் இருந்து பஸ் ஏறி வருமா சித்தப்பா?

தம்பி (காட்பாடி): 🤣🤣

காட்பாடி அத்தை: ஆயா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். "இதில் என்ன புதுசு, மழை விட்ட ராத்திரியில் புற்றுக்குப் பக்கத்தில் குழி பறித்து, விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஈசல் தானாக வந்து குழியில் விழும், வறுத்து அரிசியோடு சேர்த்துத் தின்போம், இவள் பிடித்ததை விட்டுவிடுகிறாளாமே" என்கிறாள்.

நான்: ஆயாவிடம் சொல்லுங்கள் அத்தை, என் வாளியும் கிட்டத்தட்ட அந்தக் குழிதான். வேட்டி, அதில் வந்து உட்காருவதைப் பார்ப்பதற்கு. வாளி, பிடித்ததை விடியும்வரை வைத்திருப்பதற்கு. வாளியின் வாயில் ஒரு புனல், மேலே விளக்கு, உள்ளே முட்டை அட்டைகள். புனலில் இறங்கியது திரும்ப வழி தெரியாமல் அட்டையின் குழிகளில் போய் ஒடுங்கிக்கொள்ளும். காலையில் அட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கினால் குழிக்கு ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும், முட்டைக்குப் பதில் பூச்சி. அந்த விளக்கை மட்டும் யாரும் நேராகப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆகாது.

தம்பி (காட்பாடி): அக்கா, ஏன்தான் இதுகள் லைட்டைப் பார்த்தால் பைத்தியம் மாதிரி சுற்றுகின்றன? சூடு பிடிக்குமா?

நான்: சூடு இல்லைடா. 2024இல் ஒரு ஆய்வு வந்தது, அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். பறக்கிற பூச்சிக்கு எது மேல் எது கீழ் என்று தெரிய, வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம். ராத்திரியில் ஆகாயம்தான் தரையைவிட வெளிச்சம், அதனால் அது சரியாக வேலை செய்தது. நாம் நடுவில் பல்பைப் போட்டதும் முதுகை அதன் பக்கம் சாய்த்து சாய்த்து அதையே சுற்றுகிறது. விளக்கு மேல் ஆசைப்பட்டு வரவில்லை, மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

வியாழன் இரவு

தம்பி (காட்பாடி): அக்கா, உங்கள் வீட்டில் இருந்து கிளம்பும்போது கழுத்தில் ஏதோ ஊர்ந்தது, தட்டிவிட்டேன். ஏதாவது ஆகுமா?

நான்: தட்டினாயா, நசுக்கினாயா? எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்புமாக இருந்ததா?

தம்பி (காட்பாடி): ஆமாம். நசுங்கிவிட்டது.

நான்: அது அந்து இல்லை, ஒரு வண்டு. கடிக்காது, நசுங்கினால் வருகிற நீர்தான் தோலைப் பொசுக்கும். உடனே சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவு, அந்தக் கையைக் கண் பக்கம் கொண்டுபோகாதே. கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டிவிடு. தப்பு என்மேல்தான், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், யாரும் அடிக்காதீர்கள்.

பெரியம்மா: அமாவாசை அன்று வேண்டாம் என்றேன்.

வெள்ளி காலை

நான்: கணக்கு முடிந்தது. 37 அந்து, 14 வகை, பெயர் தெரிந்தது ஆறுதான், மீதியைப் படத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் என்கிற இணையதளத்தில் ஏற்றிவிட்டேன், பார்க்கிறவர்கள் பெயர் சொல்வார்கள். அமாவாசை, காற்று இல்லை, சாயங்காலம் சின்னத் தூறல், விளக்கு ஏழரைக்குப் போட்டது என்றும் எழுதி வைத்தேன். போன மாதம் பௌர்ணமியை ஒட்டி மூன்றே மூன்று வந்தது, அதையும் எழுதித்தான் இருக்கிறேன். வராத நாளை எழுதாமல் விட்டால் வந்த நாளுக்கு என்ன மதிப்பு?

ஐந்தரைக்கே எழுந்து வாளியை நிழலுக்கு மாற்றினேன். போன தடவை ஏழு மணிக்குப் போனேன், கரிச்சான் குருவி இரண்டு கொடிக்கம்பியில் உட்கார்ந்து வேட்டியில் இருந்ததை எல்லாம் டிபன் சாப்பிட்டு முடித்திருந்தன.

இந்தப் படத்தைப் பாருங்கள். உள்ளங்கை நீளம், பட்டாளத்துச் சட்டை மாதிரி பச்சையும் வெளிர் ரோஜாவும் கலந்து. தொட்டதும் பறக்கவில்லை, முதலில் அரை நிமிடம் உடம்பு முழுக்க நடுங்கியது, ஆட்டோவை ஸ்டார்ட் செய்து சூடேற்றுகிற மாதிரி. அப்புறம்தான் கிளம்பியது.

காட்பாடி அத்தை: ஐயோ அழகே! இது எங்கே இருக்கும்?

நான்: அரளி, நந்தியாவட்டையில் வளர்வது அத்தை. புழுவும் பச்சைதான், தலைப் பக்கம் நீலத்தில் இரண்டு கண் மாதிரி இருக்கும்.

காட்பாடி அத்தை: அதையா! போன வாரம் நந்தியாவட்டையை மொட்டை அடித்தது என்று விளக்குமாற்றால் தள்ளினேனே. சரி, ஒன்று இன்னும் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

நான்: சித்தப்பா, அடுத்த படம் உங்களுக்கு. நகத்தளவு, வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுகள், உட்காரும்போது வயிற்றை வில் மாதிரி மேலே வளைத்துக்கொள்கிறது பாருங்கள்.

அணைக்கட்டு சித்தப்பா: இது யார்?

நான்: உங்கள் விரோதி. கத்தரித் தண்டிலும் காயிலும் துளை போடுகிற புழுவின் அம்மா. எங்கள் தொட்டியில் இரண்டே செடிதான் இருக்கிறது, அதற்கே வந்திருக்கிறாள்.

அணைக்கட்டு சித்தப்பா: 30 வருஷமாகக் கத்தரி வைக்கிறேன், புழுவைத்தான் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததே இல்லை. தொட்டியில் எல்லாம் ஒரே குழம்பாகக் கிடக்கும், எது எது என்று யார் பார்த்தது? புழு காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், இந்தப் புழுவுக்கு அது தெரியுமா. இது எப்போது வர ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால் வாடின தண்டை அப்போதே கிள்ளிப் புதைத்துவிடலாமே.

நான்: அதற்குத்தான் எண்ணுகிறேன் சித்தப்பா. உங்கள் தொட்டியில் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகிறது, ராத்திரி முழுக்க எரியவிடாதீர்கள்.

அணைக்கட்டு சித்தப்பா: சரி, சரி. சனிக்கிழமை அந்த வாளியை எடுத்துக்கொண்டு வா. என் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், கிணற்றங்கரையில் வைப்போம். ராத்திரி இங்கேயே சாப்பாடு.

பெரியம்மா: கண்ணு, வேட்டியை எடுத்து வந்துவிட்டேன். கரை மடிப்பில் கசகசா மாதிரி வரிசை வரிசையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை.

நான்: முட்டை பெரியம்மா!! துவைக்காதீர்கள், இதோ வருகிறேன்.

பெரியம்மா: சோடா போட்டு ஊறவைத்து அரை மணி நேரம் ஆகிறது.